பெயரும் செடியும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாவரங்களைப் பற்றியும், அறிஞர்கள் அவற்றை இனம் பிரிக்கும் முறையைப் பற்றியும் எல்லார்க்கும் விளங்குமாறு பேசவேண்டுமென்று சங்கச் செயலாளர் பணித்தார். நான் தாவர நூலிற் பட்டம் பெற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறியபின் இரயில்வேப் பணியிற் சேர்ந்து, பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். ஓய்வு நாட்களில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ஷிப்பூர்த் தாவரப் பூங்காவில் உலவுவதும், மரங்களில் மாட்டியுள்ள பெயர்ப் பலகைகளைப் படிப்பதும், ஐயம் எழுந்தவிடத்து நூல்களைப் புரட்டுவதுமே இத்துறையோடு எனக்குள்ள உறவு.

ஆயினும் என் தொழில் எனக்கு ஒரு பாடம் கற்பித்துள்ளது. சீட்டில்லாத மூட்டை எவர்க்கு உரியதென்று எவரும் அறியார். மூட்டையில்லாத சீட்டோ வெறுங் காகிதம். இரண்டும் பிரியாதிருக்கும் வரையில்தான் சென்னையில் ஏற்றிய பொருள் ஹவுராவில் உரியவர் கைக்குப் போய்ச் சேரும். செடியும் அதன் பெயரும் அத்தகையனவே. இனம் பிரித்தல் என்னும் கலை முழுவதும் இவ்விரண்டையும் பிரியாமற் காப்பதற்காகவே தோன்றியது என்பதை இன்று உங்கள்முன் விளக்க முயல்கின்றேன்.

முதலில், தாவரம் என்பது யாது? ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்று விடை கூறினால் போதாது. கடலடியிற் பவளமும் நிலைத்தே நிற்கின்றது; அது விலங்கினத்தைச் சேர்ந்தது. தனக்கு வேண்டும் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது தாவரத்தின் தலையாய இலக்கணம். அதன் அடுக்களை இலை. இலைக்குப் பசுமை தரும் பச்சையம் என்னும் பொருள் கதிரவன் ஒளியைப் பற்றிக்கொள்கின்றது. வேர் உறிஞ்சிய நீரும், இலையின் நுண்துளைகள் வழியே புகுந்த கரியமில வாயுவும் அவ்வொளியின் ஆற்றலால் சர்க்கரையாக மாறுகின்றன. அப்போது வெளிப்படுவதே நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு. நாம் உண்ணும் சோறும், உடுக்கும் பருத்தியும், எரிக்கும் விறகும் இலைகளிற் பிடிபட்ட வெயிலே ஆகும். நம் சரக்கு வண்டிகள் சுமக்கும் இராணிகஞ்சு நிலக்கரியும், 25 கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தழைத்த தாவரங்கள் மண்ணுட் புதைந்து இறுகியதேயாம்.

இந்த இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால், காய்கறிக் கடையில் விற்கும் காளான் தாவரம் ஆகாது. அதற்குப் பச்சையம் இல்லை. பிற உயிர்களின் உடலிலிருந்தோ, மட்கிய பொருளிலிருந்தோ அது உணவைப் பெறுகின்றது. ஆதலின் இன்றைய விஞ்ஞானிகள் காளானினத்தைத் தனி உலகமாகவே வைத்துள்ளனர். அதன் உறவு செடிகளைவிட விலங்குகளுக்கே அணித்து என்றும் கண்டுள்ளனர்.

தாவரம் ஓரிடத்தில் நிற்பதாயினும் உணர்வற்றதன்று. இந்நகரில் வாழ்ந்த ஜகதீச சந்திர போஸ், செடியின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை இயற்றினார். தூண்டுதலுக்குச் செடிகள் மின் குறிப்புகளால் மறுமொழி தருவதையும் அவர் ஆராய்ந்தார். 1917இல் இங்கே அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகின்றது.

இனி, இனம் பிரிக்கும் முறைக்கு வருவோம். நீரிலும் ஈரச் சுவரிலும் படரும் பாசிகள் எளிய அமைப்புடையன. வேர், தண்டு, இலை என்னும் உண்மையான பிரிவுகள் அவற்றுக்கு இல்லை. அவற்றின் மேற்படியில் நிற்பவை பெரணிகள். இவற்றுக்கு வேரும் தண்டும் இலையும் உண்டு. பூவும் விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் பொடிபோல் ஒட்டியிருக்கும் நுண்வித்துகளால் இனம் பெருகும். அடுத்த படியில் நிற்பன டார்ஜிலிங் சென்றோர் கண்டிருக்கும் பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்கள். இவற்றுக்கு விதை உண்டு. விதையை மூடும் கனி இல்லை. இறுதியாக, விதையைக் கனியுள் பொதிந்து காக்கும் பூக்குந் தாவரங்கள். உலகில் இவை ஏறத்தாழ 3 இலட்சம் இனங்கள். நம் நாட்டில் மட்டும் 18,000க்கு மேற்பட்டவை.

இத்துணைப் பெருங்கூட்டத்தில் ஒரு செடியைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம்? இந்தியா முழுவதிலுமுள்ள இரயில் நிலையங்களில் ஒன்றைத் தேடுவோர் முதலில் மண்டலத்தையும், பின்னர்க் கோட்டத்தையும், அதன்பின் நிலையத்தையும் நோக்குவர் அல்லரோ? அவ்வாறே தாவர நூலாரும் வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் எனப் படிப்படியாக வகுத்துள்ளனர்.

பூக்குந் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. தென்னையை வெட்டிப் பார்த்தவர் இதன் நுட்பத்தை அறிவர். அதன் புறப்பகுதி இரும்பு போன்றது, உட்பகுதி சோறு போன்றது. தேக்கிலோ வயிரம் நடுவே அமைந்துள்ளது. தென்னை, பனை, மூங்கில் ஆகியவற்றில் நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறி, வெளியோரத்தில் நெருங்கி நிற்பதே காரணமென இன்று அறிகின்றோம். தேக்கு, வேம்பு முதலியவற்றில் அக்கற்றைகள் வளையமாக அமைந்து, ஆண்டுதோறும் புதிய மரப்பகுதியைச் சேர்க்கின்றன. முன்னவை ஒரு வித்திலை உடையவை. நெல்லைப் போலச் சல்லிவேரும், நேராக ஓடும் இலை நரம்பும் கொண்டவை. பின்னவை இரு வித்திலை உடையவை. அவரையைப் போல ஆணிவேரும் வலைப்பின்னல் நரம்பும் கொண்டவை. இன்றைய விஞ்ஞானம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்று சாதிப்பது என் நோக்கமன்று. மரத்தை வெட்டி, உள்ளே நோக்கி, வேற்றுமை கண்டு, அதற்குச் சொல்லும் அமைத்தனர். அந்தக் கண்ணைத்தான் போற்றுகின்றேன். அவர்கள் வயிரத்தைக் குறித்த காழ் என்னும் சொல்லையே, நீர் கடத்தும் திசுவுக்குப் பெயராக இலங்கைத் தமிழர் தம் பாட நூல்களில் ஆள்கின்றனர்.

புறத்தோற்றத்தை மட்டும் நம்பினால் உறவு காண்பதில் ஏமாற நேரும். தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் வாழ்வன. இரண்டும் வட்ட இலையும் அழகிய மலரும் உடையன. நெடுங்காலம் தாவர நூலாரும் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். உயிரணுக்களிலுள்ள மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைச் சோதிக்கும் முறை வந்தபின் அவ்வுறவு முறிந்தது. பூக்குந் தாவரங்களின் வரலாற்றில் மிகத் தொன்மையில் கிளைத்த வழி அல்லியினுடையது. தாமரைக்கோ நெருங்கிய சுற்றம் காசுமீரத்துச் சினார் மரமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக்கு மரமும் ஆகும். குளத்து மலர்க்கும் மலைமரத்துக்கும் உறவென்றால் கண்ட மாத்திரத்தில் எவர் நம்புவர்?

ஆதலின் இலையையும் உயரத்தையும்விடப் பூவையே அறிஞர் சான்றாகக் கொண்டனர். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் (1707–1778) பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுப்புகளைப் பிரித்தார். எண்ணுவதற்கு எளிது, ஆனால் உறவில்லாதவற்றையும் அது ஒன்று சேர்த்துவிடும். ஆங்கில அறிஞர் பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட நூலில் பல பண்புகளையும் ஒருங்கே நோக்கிக் குடும்பங்களை வகுத்தனர். அம்முறையே நம் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிலப்பட்டது. 1998இல் டி.என்.ஏ. சான்றின் அடிப்படையில் புதிய பாகுபாடு வெளிவந்தது. 2016இல் திருத்தி வெளியிட்டபடி பூக்குந் தாவரங்கள் 64 துறைகள், 416 குடும்பங்கள் ஆகும்.

இவையெல்லாம் நமக்கு எட்டாத செய்திகள் என்று தாய்மார்கள் எண்ணவேண்டா. நாள்தோறும் தாவரக் குடும்பங்களோடு பழகுவோர் அவர்களே. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தன. கத்தரிப்பூவையும் சுண்டைப்பூவையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; இதழ்கள் அடியில் இணைந்து விண்மீன்போல் விரிந்த அமைப்பு உறவைச் சொல்லிவிடும். புகையிலையும் ஊமத்தையும் இக்குடும்பத்தனவே. ஒரு குடும்பத்தில் பிறந்தமையால் எல்லாம் உண்ணத் தக்கன என்று எண்ணலாகாது என்பதற்கு ஊமத்தையே எச்சரிக்கை.

இந்நாட்டுக்கு வந்த புதிதில் நம்மவர் சந்தையிற் கண்டு விழிக்கும் பட்டோல் என்னும் காயை எடுத்துக்கொள்வோம். அது நம் புடலங்காய்க்கு உடன்பிறப்பு. இரண்டும் டிரைக்கோசாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வங்கத்தின் செல்வமாகிய சணலும், தமிழகத்தின் கரிசல் மண்ணில் விளையும் பருத்தியும் முன்னர் வெவ்வேறு குடும்பங்களாக எண்ணப்பட்டன. இன்றைய பாகுபாட்டின்படி இரண்டும் செம்பருத்தி, வெண்டை, பூவரசு, இலவம் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் அமர்ந்துள்ளன. ஹூக்ளிக் கரை ஆலையில் சணல் நூற்பவரும் கோயம்புத்தூரில் பருத்தி நூற்பவரும் ஒரே குடும்பத்துச் செடிகளிடம் ஊதியம் பெறுகின்றனர்!

இனிப் பெயரைப் பற்றிச் சில கூறுவேன். ஒரு செடிக்கு நாட்டுக்கொரு பெயர், ஊருக்கொரு பெயர் வழங்கும். அதனால் நேரும் குழப்பத்தை நீக்க, லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தம் நூலில் ஒவ்வொரு செடிக்கும் இருசொற் பெயரை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும் அடுத்த சொல் சிற்றினத்தையும் குறிக்கும். தமிழராகிய நமக்கு இது எளிதில் விளங்கும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து, நம் பெயரைப் பின்னே எழுதுகின்றோம். உடன்பிறந்தார் அனைவர்க்கும் முதலெழுத்து ஒன்றே; பெயர் வேறு. தாவர நூலாரும் பேரினப் பெயரைப் பலகால் முதலெழுத்தாகவே சுருக்கி எழுதுவர்.

அந்நியமாக ஒலிக்கும் அப்பெயர்களுள் நம் சொற்களும் உறைகின்றன. முருங்கையின் விஞ்ஞானப் பெயர் மோரிங்கா ஒலிஃபெரா. முருங்கையே மோரிங்கா ஆயிற்று. கறிவேப்பிலையின் பெயரிலோ தரங்கம்பாடி வரலாறு ஒன்று அடங்கியுள்ளது. லின்னேயசின் மாணவராகிய கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து தென்னாட்டுச் செடிகளை ஆராய்ந்தார். கறிவேப்பிலையின் சிற்றினப் பெயராகிய கோனிகீ அவரை நினைவூட்டுவது. இந்தியில் அதனை மீட்டா நீம், அஃதாவது இனிய வேம்பு என்பர். தமிழிலும் அப்பெயருள் வேப்பிலை இருக்கின்றது. ஆனால் பூவை ஆராய்ந்தால் அது எலுமிச்சைக் குடும்பத்தது. கசக்கி மோந்தவர்க்கு அவ்வுறவு விளங்காமற் போகாது.

பெயர் மயக்கம் வேடிக்கையோடு நில்லாது சில வேளைகளில் உடலுக்கும் கேடு செய்யும். இங்குள்ள நம் இல்லங்களில் பலர் வல்லாரைக் கீரையைத் தேடுகின்றனர். வடநாட்டார் பலர் அதனைப் பிராமி என்பர். கொல்கத்தாச் சந்தையில் பிராமி என்று கேட்டால் வேறொரு கீரையைத் தருவர். அது நாம் நீர்ப்பிரமி என வழங்குவது. வல்லாரையை இங்கே தான்குனி என்பர். வல்லாரை கொத்துமல்லிக் குடும்பத்தது. குதிரைக் குளம்பு போன்ற வட்ட இலை உடையது. நீர்ப்பிரமியோ வேறு குடும்பத்தது; சிறிய, தடித்த, நீண்ட இலை உடையது. உள்ளிருக்கும் மருந்துப் பொருள்களும் வேறு. இவ்விரண்டும் உண்ணும் கீரைகளாதலின் பெருந்தீங்கு நேராது. ஆனால் பெயரை மட்டும் கேட்டுப் பச்சிலையைப் பறித்து அரைத்துக் குடிக்கும் பழக்கம் எல்லாச் செடிகளிடமும் இத்துணை எளிதில் முடிவதில்லை. பூசைக்குப் பறிக்கும் மஞ்சள் அரளியின் விதை உயிரையே பறிக்கும் நஞ்சு. செடியை அறிந்தவர் காட்டாத பச்சிலையை மருந்தென்று உட்கொள்ளாதீர்கள் என்று தாய்மார்களை வேண்டிக்கொள்கின்றேன்.

இம்மயக்கத்தைத் தீர்க்க அறிஞர் கண்ட வழி யாது? பெயரோடு செடியையே சேமித்து வைத்தனர். நம் ஷிப்பூர்ப் பூங்கா 1787இல் கர்னல் ராபர்ட் கிட் முயற்சியால் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்தது. 1793இல் அதன் பொறுப்பை ஏற்ற ராக்ஸ்பர்க், அதற்குமுன் சோழமண்டலக் கரையில் மருத்துவராகப் பணியாற்றியவர். தரங்கம்பாடிக் கோனிக்கின் நட்பைப் பெற்றவர். இந்திய ஓவியர்களைக் கொண்டு 2500க்கு மேற்பட்ட செடிகளின் வண்ணப் படங்களை அவர் வரைவித்தார். 2009 முதல் இப்பூங்கா ஜகதீச சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைக் காணாதார் இங்கு இரார். காளான் பற்றியதால் அதன் நடுமரத்தை 1925இல் அகற்றிவிட்டனர். ஆயினும் கிளைகளினின்று இறங்கி மண்ணிற் கால்கொண்ட ஆயிரக்கணக்கான விழுதுகள் அதனை இன்றும் தழைக்கச் செய்கின்றன.

அப்பூங்காவிலேயே மத்தியத் தேசிய உலர்செடிக் காப்பகம் உள்ளது. 1890இல் தோன்றிய இந்தியத் தாவர ஆய்வுத் துறை அதனை நடத்துகின்றது. ஏறத்தாழ 20 இலட்சம் உலர்செடிகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி. கீழ் மூலையில் ஒரு சீட்டு. பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர், செடியின் பெயர். புதிய செடிக்குப் பெயரிடுவோர் மூலச் சான்றாக ஓர் உலர்செடியைக் குறித்துக் காட்டவேண்டும் என்பது இன்றைய உலக விதி. நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் அத்தாளை எடுத்துப் பார்த்துத் தெளியலாம். கோயம்புத்தூரிலும் இத்தகைய பெருங்காப்பகம் ஒன்று இத்துறைக்கு உண்டு.

இக்காவல் இல்லாவிடின் நேர்வது யாது? நம் இலக்கியமே சான்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 90க்கும் மேற்பட்ட மலர்ப் பெயர்களை அடுக்கிச் செல்கின்றார். உலக இலக்கியத்தில் அதற்கு இணை காண்பது அரிது. ஆனால் அப்பெயர்களுட் சில இன்ன செடியைக் குறிப்பன என்பதில் இன்றும் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. முருகனுக்குரிய கடம்பையே நோக்குங்கள். வெண்கடம்பு, நீர்க்கடம்பு, செங்கடம்பு என மூன்று மரங்கள் உள்ளன. முன்னிரண்டும் காப்பிக் குடும்பத்தன. செங்கடம்போ நாகலிங்க மரத்தின் குடும்பத்தது. சங்கச் சான்றோர் பாடிய கடம்பு இவற்றுள் எது என்று ஆராய்ச்சி நடக்கின்றது. சீட்டு நம் கையில் இருக்கின்றது; மூட்டையைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

அன்பர்களே! இந்நிலை பழைய நூல்களோடு முடியவில்லை. நம் இல்லத்துச் சிறுவர்களிடம் இரண்டு குறைகளும் காணப்படுகின்றன. சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் குறிஞ்சி, முல்லை என்று ஒப்பிக்கும் சிறுவர் முல்லைக்கொடியைக் கண்டதில்லை. பள்ளிக்குச் செல்லும் வழியில் மழைக்காலத்தில் பந்துபோற் பூக்கும் கதம்ப மரத்தை நாள்தோறும் காண்கின்றனர். அது வெண்கடம்பு என்று அவர்கட்குச் சொல்வார் இல்லை. வங்கக் கவிஞர் போற்றும் ஹிஜல் மரமே நம் செங்கடம்பு என்பதையும் அவர்கள் அறியார். பாட்டி சொல்லும் பெயர்க்குச் செடி இல்லை. வாயிலில் நிற்கும் செடிக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. இன்னும் ஒரு தலைமுறை இவ்வாறு கழியின், சீட்டுகளை நம் நூலகத்தில் பூட்டிவிட்டு, மூட்டைகளைத் தெருவில் விட்டவர் ஆவோம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு சிறுவரும் சிறுமியும் திங்களுக்கு ஒரு செடி அறியட்டும். வீட்டு முற்றத்திலோ தொட்டியிலோ வளரும் செடியில் பூவோடு கூடிய ஒரு சிறு கிளையைப் பெரியோர் துணைகொண்டு கொய்யவேண்டும். பூங்காவில் கொய்தல் கூடாது. பழைய செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பி, மேலே கனமான நூல்களை வைத்து, நாள்தோறும் தாளை மாற்றிவந்தால் பத்து நாட்களில் உலர்ந்துவிடும். தடித்த தாளில் ஒட்டி, கீழே வலப்புற மூலையில் தமிழ்ப் பெயர், வங்கப் பெயர், விஞ்ஞானப் பெயர், இடம், நாள் ஆகியவற்றை எழுதவேண்டும். தமிழ்ப் பெயருக்குப் பாட்டியைக் கேட்கட்டும். வங்கப் பெயருக்கு அடுத்த வீட்டு மாசிமாவைக் கேட்கட்டும். விஞ்ஞானப் பெயருக்கு ஆசிரியரைக் கேட்கட்டும். ஒரு செடியால் மூன்று பேரோடு பேச்சுத் தொடங்கும். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வேடுகளையெல்லாம் சேர்த்து இம்மண்டபத்தில் ஒரு காட்சி அமைக்கலாம் என்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றேன். சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கின்றேன். அது எனக்குப் பழகிய தொழிலே.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!